ஆறாம் வார்டின் சாவி

"நோயாளிகளும் அவர்தம் சுற்றத்தாரும் அறிக. மருத்துவமனைகளைத் தரம் பிரித்து, தகுதியுள்ளவற்றுக்குச் சான்றிதழும் கேடயமும் வழங்கவிருக்கும் உயர்மட்டத் தரக் குழு இன்று நம் வளாகத்துக்கு வருகை புரிகிறது. இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்தை முன்னிட்டு, வார்டுகளில் தங்கியிருக்கும் உறவினர்கள் யாவரும் தத்தம் போர்வை, பக்கெட், ஃப்ளாஸ்க் சகிதம் உடனடியாக வெளியேற வேண்டும். நோயாளிகள் மட்டும் படுக்கையில் இருக்கலாம்."

ஒலிபெருக்கியில் இதைப் படித்தவர் நிலைய மருத்துவ அதிகாரி டாக்டர் விஜயராகவன். கடைசி வாக்கியத்தில் இருந்த பெருந்தன்மை அவருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். அதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருக்கும் அந்த அரசு மருத்துவமனைக்குப் பெயர் வேண்டாம். வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது. கொரோனா சமயத்தில் அதன் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று நர்ஸ்களுக்காகக் கை தட்டினார்கள். தொற்று போயிற்று. கை தட்டியவர்கள் வீட்டுக்குள் போனார்கள். ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்கள் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கே போனார்கள். போகாமல் நின்றது ஆக்சிஜன் உற்பத்தி நிலையமும் அதன் திறப்பு விழாக் கல்வெட்டும். நிலையம் ரிப்பேர். கல்வெட்டு நன்றாக வேலை செய்கிறது.

ஆக, வார்டுகளுக்கு மறுபடியும் ஆளுயரச் சிலிண்டர்கள் வந்தன. அவற்றை உருட்ட ஆள் வரவில்லை. உறவினர்கள் உருட்டினார்கள். ட்ரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைத் தேடி ஓடுவது உறவினர். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது உறவினர். ரத்த சாம்பிளை லேபில் கொடுத்து, ரிசல்ட்டுக்குச் சண்டை போடுவது உறவினர். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. சிலிண்டர் தூக்க ஆண்கள் வேண்டும் என்று ஒரு நிலைமையும் இருந்தது. விதி கண்ணை மூடிக்கொண்டது. அந்த மருத்துவமனையில் சம்பளமில்லாமல், விடுப்பில்லாமல், ஷிப்ட் மாறாமல் வேலை பார்த்த ஒரே ஊழியர் படை அதுதான். அந்தப் படையைத்தான் டாக்டர் விஜயராகவன் அன்று காலை வெளியேறச் சொன்னார்.

ஆறாம் வார்டில், ஜன்னலோரப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நூர் முஹம்மது அந்த அறிவிப்பைக் கேட்டார். கேட்டுக்கொண்டே மீட்டரைப் பார்த்தார்.

படுக்கையில் இருந்தவள் அவர் மனைவி ஷாகிரா. இரண்டாம் அலையில் பிழைத்தவள். பிழைத்தவள் என்பது புள்ளிவிவரத்துக்கு. நுரையீரலில் பாதி அப்போதே விறைத்துப்போயிற்று. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு மீர்சாகிப்பேட்டை வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், கணவரைக் கிண்டல் செய்தாள். இந்த மழைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டியதும் அந்தப் பாதியும் தகராறு செய்தது. இப்போது ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினால் உதடு நீலமாகும். சோறு ஊட்டும் நேரத்துக்குக்கூடக் கழற்ற முடியாது. ஒரு வாய், ஒரு மூச்சு, ஒரு வாய், ஒரு மூச்சு.

நூர் முஹம்மது தி. நகரில் சோபாவுக்கு உறை தைப்பவர். ஷாகிரா படுத்ததிலிருந்து கடைக்குப் போகவில்லை. அவருக்குப் பயம் என்பது ஒரு முள்ளின் வடிவத்தில் இருந்தது. சிலிண்டரின் தலையில் இருக்கும் மீட்டர் முள். அது வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சாப்பிடுவார். நடுவில் நின்றால் டீ மட்டும். சிவப்புக் கோட்டை நெருங்கினால் எச்சில்கூட இறங்காது. கண்ணை மூடினாலும் முள் தெரியும். மற்றவர்கள் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். இவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அன்று முள் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், இது மதியம் வரைக்கும் தாங்காது. மாத்திட்டுப் போறேனே."

சிந்து சிஸ்டருக்கு இரண்டு வார்டுகள். அன்று கூடுதலாகப் புதுத் திரைச்சீலை மாட்டும் பொறுப்பும் இருந்தது. ஸ்டூல் மேல் நின்றபடி, வாயில் கவ்விய ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கறத எதுக்கு பாய் இப்பவே கழட்டறீங்க? இன்னும் நேரமிருக்கு. நான் இங்கதான இருக்கேன். நான் மாத்திடறேன். நீங்க போங்க, உங்கள இங்க பாத்தா எனக்கு மெமோ."

"எத்தன நேரத்துல முடியும்?"

"வருவாங்க, பார்ப்பாங்க, சாயா குடிப்பாங்க, போயிடுவாங்க."

ஷாகிரா முகமூடிக்குள்ளிருந்து கையை அசைத்தாள். போங்கள், போய்த் தொலையுங்கள், மூச்சு விட விடுங்கள் என்கிற அசைப்பு. வீட்டில் சமையலறையிலிருந்து அவரைத் துரத்தும்போதும் இதே அசைப்புதான். அவள் சாமான்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு நூர் முஹம்மது படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் திரும்பினார். அங்கிருந்து முள் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

வாசலுக்கு வெளியே, டீக்கடையைச் சுற்றி ஒரு மருத்துவமனையின் முழு ஊழியர் படையும் பக்கெட்டும் கையுமாக நின்றது. ஜவஹர் தன் ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுடைய அம்மா சரோஜாதேவிக்கு ஷாகிராவின் பக்கத்துப் படுக்கை. சர்க்கரையில் காலில் புண். அந்த அம்மாள் பாதி நேரம் தூங்குவாள், மீதி நேரம் மகனைத் திட்டுவாள்.

"இன்னா பாய், மூஞ்சி இப்டி கீது? குந்து. எங்கம்மா வாயிலேர்ந்து தப்பிச்சு வந்து இப்பத்தான் காது கூலா கீது."

"முள்ளு கீழ இறங்கிட்டு இருக்கு, ஜவஹர்."

"சிஸ்டர் பாத்துக்கும். நீ டீ சொல்லு. பதவிக்கு ஒரு நாள் லீவு உடு."

பதவி என்று அவன் சொன்னது சும்மா இல்லை. சிலிண்டரைத் திறந்து மூட ஒரு சின்ன இரும்புச் சாவி உண்டு. உண்மையில் அது ஸ்பேனர். வார்டில் எல்லாரும் சாவி என்பார்கள். முன்பு வார்டுக்கு நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகக் காணாமல் போய் ஒன்று மிஞ்சியது. அது நர்ஸ் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். ஒரு நாள் நூர் முஹம்மது தொழுதுவிட்டு வருவதற்குள், எதிர்ப்படுக்கைக் கிழவியின் மகன் அந்தச் சாவியை எடுத்து, மிச்சமிருந்த ஒரே சிலிண்டரைத் தன் தாய்க்குத் திறந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நூர் முஹம்மதும் சொல்லவில்லை. லாரி வரும்வரை ஷாகிராவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதன் பிறகு சாவி ஆணிக்குத் திரும்பவில்லை. அவருடைய பேண்ட் பாக்கெட்டில் குடியேறியது.

சிந்து சிஸ்டர் பல தடவை கேட்டுவிட்டாள். "பாய், சாவிய ஆணியில மாட்டுங்க. எனக்கு ஒரு அவசரம்னா?"

"நான்தான் இருக்கேனே சிஸ்டர். ஒரு குரல் குடுங்க."

குரல் கொடுத்தால் ஓடி வருவார் என்பது உண்மை. எல்லார் சிலிண்டரையும் அவரே மாற்றினார். ஆனால் நிரம்பிய சிலிண்டர் குறைந்திருக்கும் நாளில் யாருடையதை முதலில் மாற்றுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். வார்டு அதைப் புரிந்துகொண்டது. 'சாவி பாய்' என்று பெயர் வந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தால் முதல் பழம் அவருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பயந்த மனிதன் கையில் ஒரு இரும்புத் துண்டு கிடைத்தால் அவன் எவ்வளவு சீக்கிரம் அதிகாரி ஆகிவிடுகிறான் என்பதற்கு டாக்டர் விஜயராகவனைத் தேடிப் போக வேண்டியதில்லை.

டீ வந்தது. சில்லறை எடுக்க நூர் முஹம்மது பாக்கெட்டில் கையை விட்டார்.

விரலில் சில்லறை படவில்லை. சாவி பட்டது.

கொஞ்ச நேரம் அதை வெளியே எடுக்காமல் பாக்கெட்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார். அது வேறெதுவோ என்று கைக்குச் சொல்லிப் பார்த்தார். கை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜவஹர்," என்றார். மறுபடி, "ஜவஹர். சாவி எங்கிட்ட இருக்கு."

ஜவஹர் எழுந்து உட்கார்ந்தான். இந்த ஒரு தடவை அவனுக்கு விளையாட்டாக ஒன்றும் தோன்றவில்லை.

ஷாகிராவின் செல்லுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்தது. நூர் முஹம்மது தோளில் மாட்டியிருந்த பைக்குள்ளிருந்து அடித்தது. சிந்து சிஸ்டருக்குப் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குழு போகும்வரை ஊழியர் யாரும் செல் வைத்திருக்கக் கூடாது, நோயாளியோடு கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அன்றைய உத்தரவு.

கேட்டில் செக்யூரிட்டி பொன்ராஜ். புதுத் தொப்பி, பழைய செருப்பு. நாசரேத் பக்கத்து ஆள். ஊரைவிட்டு வந்து வருஷக்கணக்காகியும் பேச்சு மாறவில்லை.

"அண்ணாச்சி, எங்க போறீய?"

"தம்பி, என் பீவி மேல இருக்கா. சிலிண்டர் தீரப்போவுது. சாவி எங்கிட்ட வந்துடுச்சு. குடுத்துட்டு ஓடி வந்துடறேன். ஒரே ஓட்டம்."

"குழு உள்ள வந்துட்டாவ. சொந்தக்காரவுகள்ல ஒரு தலை உள்ள தெரிஞ்சாலும் ஒனக்கு நாளைக்கு வேலை கெடையாதுன்னு பெரியய்யா காலையிலயே சொல்லிட்டாரு."

"அப்ப நீ கொண்டுபோய்க் குடு. ஆறாம் வார்டு. சிந்து சிஸ்டர்."

பொன்ராஜ் சாவியைப் பார்த்தான். வளாகத்தைப் பார்த்தான். வழக்கமாக ஆள் முண்டியடிக்கும் முற்றத்தில் கோலமும் வாழை மரமும் மட்டும் இருந்தன. கொடுத்தனுப்ப ஒரு ஆயா இல்லை, ஒரு வார்டு பாய் இல்லை. எல்லாரும் எங்கேயோ வரிசையில் நிற்கப் போயிருந்தார்கள்.

"கேட்ட விட்டு நான் எப்படிப் போவேன், அண்ணாச்சி? கொஞ்சம் பொறுங்க. யாராவது வருவாவ." தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "வந்த ஒடனே குடுத்து விடுதேன்."

யாரும் வரவில்லை. நூர் முஹம்மது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முள் இப்போது எங்கே இருக்கும்? அந்தச் சிலிண்டரை நேற்று மாற்றியபோது முள் ஒரு கோடு குறைவாகத்தான் இருந்தது. இல்லை, முழுசாக இருந்தது. முழுசாக இருந்ததா? காற்று நுழைந்து வரும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருக்கும். குமிழி நின்றால் சிஸ்டருக்குத் தெரியும். சிஸ்டர் ஆணியைப் பார்ப்பாள். ஆணியில் ஒன்றும் இருக்காது. அவள் திரும்பி, 'பாய்' என்று ஒரு குரல் கொடுப்பாள்.

அவருடைய கால் நடுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துத்தான் ஜவஹருக்கு யோசனை வந்தது.

"பாய், சொந்தக்காரனத்தான உட மாட்டான்? பேஷண்ட்ட உடுவான் இல்ல?"

"என்ன சொல்றே?"

"நீ பேஷண்ட். ஏறு வண்டியில. நெஞ்ச புடிச்சிக்கோ. கண்ண மேல தூக்கிக்கோ. எமர்ஜென்சி வாசல் வரைக்கும் நான் கொண்டாந்துடறேன், அங்கேர்ந்து படி எங்க கீதுன்னு உனக்குத் தெரியும். இறங்கின உடனே ஓடு."

நடிக்க ஒன்றும் தேவைப்படவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, பொன்ராஜ் குனிந்து உள்ளே பார்த்தான். அண்ணாச்சியை அடையாளம் தெரிந்தது. ஜவஹரின் முகத்தையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, கேட்டை விரியத் திறந்து, ஒரு சல்யூட் அடித்தான். சல்யூட் அன்றைய உத்தரவில் இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் திட்டம் கவிழ்ந்தது.

நூர் முஹம்மது அந்த வாசலை நன்றாக அறிவார். ஷாகிராவை முதலில் கொண்டுவந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. அவரே ஸ்ட்ரெச்சரைத் தேடி, அவரே தள்ளி, ஒரு சக்கரம் திரும்பாததால் அவரே திட்டி, உள்ளே போனார். இன்று ஆட்டோ நின்ற மறுவிநாடி நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். மருத்துவமனை முழுவதிலும் இருந்த நர்ஸ்கள், ஆயாக்கள், வார்டு பாய்கள், பயிற்சி டாக்டர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். குழு முதலில் பார்க்கப்போகும் இடம் அது. இஸ்திரி போட்ட வெள்ளை உடைகளோடு அவர்கள் காத்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு நோயாளிகூட வரவில்லை, ஏனென்றால் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். டாக்டர் விஜயராகவன் கவலைப்பட ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் இந்த வரப்பிரசாதம் ஆட்டோவில் வந்து இறங்கியது.

நூர் முஹம்மதின் கால் தரையில் படவில்லை. அப்படியே தூக்கிப் படுக்க வைத்தார்கள். இந்த ஸ்ட்ரெச்சரில் எல்லாச் சக்கரங்களும் திரும்பின.

"ஐயா, பயப்படாதீங்க. என்ன பண்ணுது?" ஒரு இளம் டாக்டர் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. விடுங்க. என் பீவி மேல இருக்கா, ஆறாம் வார்டு, அவளுக்குத்தான் மூச்சு..."

"மூச்சு வாங்குதா? எப்பலேர்ந்து?"

"எனக்கில்லீங்க. மேல. சாவி எங்கிட்ட இருக்கு."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "குழப்பமா பேசறார். பிரஷர் பாருங்க. ஈசிஜி போடுங்க."

பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது; ஒரு மனிதன் பயந்து செத்துக்கொண்டிருந்தால் கருவிகளில் அது மாரடைப்பு மாதிரித்தான் தெரியும். சட்டைப் பொத்தான்களை ஒருத்தி அவிழ்த்தாள். இன்னொருத்தி காலில் கிளிப் மாட்டினாள். எழுந்திருக்கப் பார்த்தவரை இரண்டு வார்டு பாய்கள் தோளைப் பிடித்து, மிக அன்பாக, அழுத்தினார்கள்.

கதவருகே தரக் குழு நின்றிருந்தது. காட்டன் புடவையில் ஒரு அம்மாள், டை கட்டிய இருவர். டாக்டர் விஜயராகவன் அவர்களுக்கு அரையடி முன்னால் நின்று, கிரிக்கெட் வர்ணனை மாதிரித் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "பெருந்தொற்று நமக்கு ஒரு பாடம், மேடம். அதுலேர்ந்து நாங்க கத்துக்கிட்டது, நோயாளிதான் மையம். இவர் யாரு, என்ன ஜாதி, என்ன மதம், எதுவும் கேக்கலை பாருங்க. வந்த நிமிஷத்துல கவனிப்பு."

"ரொம்ப நல்லாருக்கு," என்றாள் அந்த அம்மாள். கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினாள்.

நூர் முஹம்மது பாக்கெட்டிலிருந்து சாவியை உருவித் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். "இதப் பாருங்க. இது மேல போவணும். இல்லைன்னா அவ செத்துடுவா. யாராவது எடுத்துட்டு ஓடுங்க."

காட்டிய விதம் சரியில்லை. பீதியடைந்த கண்கள், வேர்வை, மேலே தூக்கிய கை, அதில் ஒரு இரும்பு. டை கட்டியவர்களில் ஒருவர் பின்வாங்கினார். வார்டு பாய் மணிக்கட்டை முறுக்கிச் சாவியைப் பிடுங்கி, ஊசி வைக்கும் எவர்சில்வர் தட்டில் போட்டான். டாக்டர் விஜயராகவன் பதறாமல் நிலைமையைக் கையில் எடுத்தார்.

"மூளைக்கு ஆக்சிஜன் போகலைன்னா இந்த மாதிரி நடந்துப்பாங்க, மேடம். ஆக்சிஜன் வைங்க."

சுவரோரம் சிலிண்டர்கள் நெடுக நின்றிருந்தன. எல்லாவற்றுக்கும் புதுக் கறுப்புப் பெயிண்ட், கழுத்தில் வெள்ளை, நெற்றியில் சந்தனப் பொட்டு. வந்தவர்களுக்கு மரியாதையாக யாரோ வைத்தது. அதில் ஒன்று உருண்டு வந்தது. ரப்பர் வாசனையோடு முகமூடி இறங்கி அவர் வாயை மூடியது. சில்லென்று காற்று மூக்குக்குள் போயிற்று. இத்தனை நாளும் இந்தக் காற்றுக்குக் காவல் இருந்தவர். இப்போதுதான் முதல் தடவையாக அதைச் சுவாசித்தார். முகமூடிக்குள்ளிருந்து கத்தினார். பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது. வெளியே கேட்கவில்லை.

"உங்களுக்கு இங்க கவனிப்பு திருப்தியா இருக்கா, ஐயா?" காட்டன் புடவை அம்மாள் குனிந்து கேட்டாள். "பேச வேண்டாம். திருப்தின்னா கைய மட்டும் அசைங்க."

அவர் இரண்டு கைகளையும் அசைத்தார். வேகமாக, விடாமல் அசைத்தார். அம்மாள் டேப்லெட்டில் தட்டினாள்.

அப்போது ஊசித் தட்டை எடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். தட்டில் கிடந்ததைப் பார்த்து நின்றாள். பிறகு படுக்கையைப் பார்த்தாள்.

"பாய்?"

சிந்து சிஸ்டர்.

அவளைப் பார்த்ததும்தான் நூர் முஹம்மதுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது பயமே இல்லை. சிஸ்டர் மேலே இருக்கிறாள் என்கிற ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் இங்கே நிற்கிறாள்.

"யாரு... மேல... யாரு?" முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாரையும் கீழ வரச் சொன்னாங்க பாய். ஏழாம் வார்டு சிஸ்டர் பாத்துக்கறேன்னு..." அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். ஏழாம் வார்டு சிஸ்டர் பூங்கொத்தோடு வரிசையில் நின்றிருந்தாள்.

சிந்து தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினாள். நூர் முஹம்மது ஈசிஜி வயர்களை இழுத்துக்கொண்டு, திறந்த சட்டையோடு, பின்னாலேயே ஓடினார். "நோயாளி நல்லா தேறிட்டார்," என்று டாக்டர் விஜயராகவன் சொன்னது முதுகில் கேட்டது.

லிஃப்ட் குழுவுக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. படியில் ஏறினார்கள். பாதியிலேயே சரோஜாதேவியின் குரல் கேட்டது. கத்திக் கத்தித் தேய்ந்த குரல்.

"எவனாச்சும் வாங்கடா. எவ்ளோ நாழியா கத்திக்கினு கீறேன். யாரும் இல்லியா? எங்கடா போய்ட்டீங்க எல்லாரும்?"

வார்டு சுத்தமாக இருந்தது. புதுத் திரை, பினாயில் வாசனை, கசங்காத விரிப்பு. தரையில் ஒரு பக்கெட் இல்லை. சரோஜாதேவி கட்டிலிலிருந்து இறங்க முயன்று, கட்டுப் போட்ட காலோடு தரையில் கிடந்தாள். அவளுடைய ஒரு கை பக்கத்துக் கட்டிலின் காலைப் பிடித்திருந்தது.

ஷாகிரா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் கதவின் மேல் இருந்தது. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றும் வராதபோது அது வாயை அடைக்கும் பிளாஸ்டிக் மட்டும்தான். தோள் ஏறி இறங்கியது. உதட்டின் நிறத்தை நூர் முஹம்மது பார்த்தார். பாட்டிலில் குமிழி இல்லை. முள் இருந்த இடத்தைப் பார்க்கவே தேவையில்லை.

"வந்துட்டேன், வந்துட்டேன். சாவி இருக்கு. ஒரு நிமிஷம்."

சிந்து கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நிரம்பிய சிலிண்டர்கள் நிற்கும் மூலைக்குத் திரும்பினார்.

மூலையில் ஒன்றும் இல்லை. தரையில் வட்ட வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. அதையும் தேய்த்துக் கழுவப் பார்த்திருந்தார்கள்.

"சிலிண்டர்?" என்றார்.

சிந்துவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. உறவினர்கள் வெளியேறிய பிறகு, எல்லா வார்டிலிருந்தும் நிரம்பியவற்றையெல்லாம் கீழே கொண்டுபோயிருந்தார்கள். பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, வரிசையில் நிறுத்த.

அவள் சாய்தளத்தின் பக்கம் ஓடினாள். எதிரே ஜவஹர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். இருவரும் கீழே ஓடும் சத்தம் கேட்டது. ஆளுயரச் சிலிண்டரை விளிம்பில் நிறுத்தி, சுழற்றிச் சுழற்றித்தான் உருட்ட வேண்டும். மேட்டில் ஏற்றுவது அத்தனை சுலபமில்லை. நூர் முஹம்மதைவிட அது நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவர் ஷாகிராவின் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். எக்ஸ்ரே கவரால் விசிறினார். அது காற்றுதான், வார்டு நிறையக் காற்றுதான் இருந்தது.

"ஏங்க," என்றாள். ஒரு மூச்சு. "எங்க," ஒரு மூச்சு, "போனீங்க?"

"இங்கதான். பக்கத்துலதான். இதோ வருது. பேசாத."

"பயமா," என்றாள்.

"எனக்கும்தான். பேசாத. வருது, கேளு."

உருளும் சத்தம் கேட்டது உண்மைதான். எங்கோ கீழே, இரும்பு தரையில் அரைபடும் சத்தம். நெருங்கியது, நின்றது, ஜவஹர் யாரையோ கெட்ட வார்த்தை சொன்னது கேட்டது, மறுபடி உருண்டது. அவர் ஷாகிராவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு முள்ளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

சிலிண்டர் வந்தது. அவர் கை நடுங்காமல் வேலை செய்தது. பழையதைக் கழற்றினார், புதியதில் மாட்டினார், சாவியைத் திருகினார். முள் துள்ளி வலப்பக்கக் கோடிக்குப் போயிற்று. பாட்டிலில் குமிழிகள் கொப்பளித்தன.

"வந்துடுச்சு," என்றார். "ஷாகிரா, வந்துடுச்சு."

சிந்து முகமூடியை வைத்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். விரலை இடம் மாற்றி வைத்தாள். நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். வெகு நேரம் அழுத்தினாள். பிறகு நிறுத்திவிட்டுக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய்," என்றாள்.

தரையில் கிடந்த சரோஜாதேவி மகனைத் திட்டவில்லை. ஜவஹர் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தான். குமிழிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் சிலிண்டரை மூடத் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கேடயமும் கிடைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தனிப் பாராட்டு: மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் கொண்டுவரப்பட்ட ஏழை நோயாளி ஒருவருக்கு, வந்த நிமிடத்திலேயே ஆக்சிஜன் அளித்து உயிரைக் காத்தமைக்காக. விழாவில் டாக்டர் விஜயராகவன் அந்தப் பத்தியை மேடையில் இரண்டு முறை படித்தார்.

அந்த நோயாளிக்கு ஒரு நோயும் இருக்கவில்லை.